சூடான இனிப்பே விருந்துக்கு அழகு: உதகைப் பட்டிமன்றத்தில் ஓர் உரை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் உதகைப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘மலைவாழ் குடும்பத்தின் கிறிஸ்துமஸ் இரவு விருந்தை நிறைவு செய்ய ஏற்றது குளிர்ந்த இனிப்பா, சூடான இனிப்பா?’ என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. சூடான இனிப்பே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் டிரைஃபிள், கேரமல் கஸ்டர்ட், சைனா கிராஸ், ஐஸ்கிரீம் என்று பட்டியலை வாசிக்க வாசிக்க, அரங்கில் பாதிப் பேர் சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டதை நடுவர் அவர்களும் கவனித்திருப்பீர்கள்.

பிளம் கேக்கை மட்டும் இரு அணியும் உரிமை கொண்டாட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது காலையிலிருந்தே வருவோர் போவோருக்கெல்லாம் டீயுடன் போய்க்கொண்டிருக்கும். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அதில் எவ்வளவு மிஞ்சும் என்பது எல்லா வீட்டிற்கும் தெரியும். நம் வழக்கு, பிரியாணியும் கறியும் முடிந்த பிறகு கிண்ணத்தில் வருகிற இனிப்பைப் பற்றியது.

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் பின்பாதியில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி மீது உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும் காலம் அது. அத்தகைய இரவில், நள்ளிரவு ஆராதனைக்குப் போய் வந்த களைப்பு இன்னும் தீராத தாத்தா பாட்டியின் முன்னால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கிண்ணத்தை வைப்பது என்ன உபசாரம் என்று எனக்கு விளங்கவில்லை.

இது வெறும் குளிர்ச்சியைப் பற்றிய புலம்பல் அன்று, சுவையைப் பற்றிய பேச்சும்கூட. நாவின் சுவையணுக்களில் இனிப்பை உணர உதவும் டிஆர்பிஎம்5 என்ற, அயனிகளை (மின்னூட்டத் துகள்களை) உள்ளே விடும் புரதக் கதவு, 15 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை வெப்பம் ஏற ஏற வலுவாகச் செயல்படுகிறது என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் காட்டினார்கள். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவதற்கும், அதுவே உறைந்திருக்கும்போது அளவாக இனிப்பதற்கும் இதுவே காரணம். குளிர்ந்த இனிப்பு நாவில் எடுபடச் சர்க்கரையைக் கூடுதலாகக் கொட்ட வேண்டியிருக்கிறது. குடும்பத்தில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்குகிற பெரியப்பாவும் சித்தியும் இருக்கும்போது, குறைந்த சர்க்கரையிலேயே நிறைவு தரும் இனிப்பைத் தேர்ந்தெடுப்பதுதானே முறை?

எதிரணித் தலைவர் இரண்டு அம்புகளை எய்தார். நெய் இனிப்புகள் இந்தக் குளிரில் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது முதல் அம்பு. உண்மைதான், கேத்தி பாலாடாப் பக்கம் விளைந்த கேரட்டைத் துருவி, பாலில் வேகவைத்துச் சுண்டக் கிளறிய அல்வாவை இறக்கிச் சற்று நேரம் விட்டால், வாணலியின் விளிம்பில் நெய் வெள்ளைக் கோடாகக் கட்டிக்கொள்ளும். ஆனால் அதே வாணலியில் இரண்டு கரண்டி பாலைத் தெளித்து இளந்தீயில் திருப்பி வைத்தால், அந்தக் கோடு கரைந்து, ஏலக்காய் வாசனை கூடம் வரைக்கும் வந்துவிடும். சூடாகப் பரிமாறுங்கள் என்று நாங்கள் சொல்வதே இதற்காகத்தான். எதிரணியின் குற்றச்சாட்டு எங்கள் கட்சிக்கே சாட்சியாகிவிட்டது.

இரண்டாவது அம்பு கூர்மையானது. குளிர்ந்த இனிப்பை முந்தைய நாளே செய்து வைத்துவிடலாம், வீட்டுப் பெண்கள் அடுப்படியில் நிற்காமல் குடும்பத்துடன் அமர்ந்து சாப்பிடலாம் என்றார். இந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் சூடாகப் பரிமாறுவதை அப்பொழுதே சமைக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஆங்கிலேயர் தங்கள் கிறிஸ்துமஸ் புட்டிங்கை, கிறிஸ்துமஸுக்கு முன் வரும் நான்கு வாரத் திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையே கலந்து வேகவைத்து, வாரக்கணக்கில் மூடிவைத்துவிட்டுப் பண்டிகை நாளில் மீண்டும் ஆவியில் சூடேற்றி மட்டுமே மேசைக்குக் கொண்டுவருவது மரபு. நம் மலையில் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், இட்லிப் பானையில் வைத்த புட்டிங் வேக நெடுநேரம் பிடிக்கும் என்பது மெய். குக்கரில் வைத்தால் உள்ளழுத்தம் கொதிநிலையை 100 டிகிரிக்கு மேல் தூக்கிவிடும், அந்தக் கவலையும் தீர்ந்தது. கேரட் அல்வாவும் அப்படியே: முந்தின இரவு கிளறி வைத்து, சாப்பாடு முடிகிற சமயத்தில் ஒருவர் எழுந்துபோய்த் திருப்பிச் சூடாக்கினால் போதும். அந்த ஒருவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிரணித் தலைவர் ஏன் முடிவு செய்தார் என்பதை அவரிடமே விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். முட்டைக் கஸ்டர்டுக்கு நம் மலை உதவுகிறது. கொதிநீரின் சூடே தணிந்திருப்பதால், நீராவியில் வைத்த கஸ்டர்ட் சமவெளியில்போல எளிதில் திரிந்து ஓட்டை விழாது. ஆனால் அந்தக் கஸ்டர்டை ஏன் ஆறவிட வேண்டும்? பால், முட்டை, பழைய ரொட்டித் துண்டுகள் சேர்த்து வேகவைத்த பிரட் புட்டிங்கைச் சுடச்சுடக் கிண்ணத்தில் இட்டு, மே, ஜூன் பருவத்தில் வாங்கிக் காய்ச்சி வைத்த பிளம் ஜாமைக் கொஞ்சம் வெந்நீரில் இளக்கி மேலே ஊற்றிப் பாருங்கள். புளிப்பும் இனிப்பும் சேர்ந்த அந்தச் சிவப்புச் சாறு ரொட்டிக்குள் இறங்குகிற அழகுக்கே எதிரணியில் இருவராவது கட்சி மாறுவார்கள். செலவும் அதிகமில்லை. ஜாம் காய்ச்சத் தவறியவர்களுக்குக் குன்னூரில் தோட்டக்கலைத் துறையின் பழம் பதனிடும் நிலையம் இருக்கிறது.

பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்பார்களே என்றால், மறுநாள் நண்பகல் வெயிலில் கொடுங்கள், தடையில்லை. எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்து வரும்போது ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்லட்டும், நடுவர் அவர்களே: டிரைஃபிள் கிண்ணங்கள் காலியானவுடன், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உள்ளே திரும்பிக் கேட்பது சூடாக ஒரு கப் டீயா, இல்லையா?