அண்ணன் நாற்காலியில் தம்பி

தலைவர் அவர்களே, வாசக நண்பர்களே, வணக்கம்.

கொரிய நாடகத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. சிரிக்க வேண்டியதுதான். நானாகத் தேடிப் போய்ப் பார்க்கவில்லை. பேத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் கறுப்பு அங்கியோடு ஒரு நீதிபதி வந்து உட்கார்ந்தார். கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன் நான். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் என் கண் அங்கேதான் போகும்.

எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் 2018 ஜூலை முதல் செப்டம்பர் வரை வந்த நாடகம். வெளிநாட்டில் 'யுவர் ஆனர்' என்று பெயர். கொரிய மொழியில் உள்ள பெயரைத் தமிழில் சொன்னால் 'அன்புள்ள நீதிபதி அவர்களுக்கு'. கடிதம் தொடங்குகிற மாதிரி இருக்கிறதல்லவா? கொரியாவில் குற்றம் சாட்டப்பட்டவர்கள், செய்ததற்கு வருந்துகிறேன் என்று நீதிபதிக்குக் கடிதம் எழுதுவது பெரிய வழக்கம். தண்டனை குறையும் என்ற நம்பிக்கை. அதைக் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்க ஆட்களும் உண்டு. நம்ம ஊர் கோர்ட் வாசலில் மனு எழுதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 32 பகுதி என்று பயப்படாதீர்கள். நடுவில் விளம்பரம் போட வழியில்லாததால் ஒரு மணி நேரப் பகுதியை இரண்டாக வெட்டிக் கணக்குக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

கதை இதுதான். இரட்டைப் பிள்ளைகள். மூத்தவன் ஹான் சூ-ஹோ நீதிபதி. 'கம்ப்யூட்டர் நீதிபதி' என்று பெயர் எடுத்தவன். தம்பி ஹான் காங்-ஹோ ஐந்து முறை தண்டனை பெற்றவன். இரண்டு பேராகவும் யூன் ஷி-யூன் நடித்திருக்கிறார். ஒருநாள் அண்ணன் காணாமல் போகிறான். சிறையிலிருந்து வெளியே வந்த தம்பி, ஒளிந்துகொள்ள இடம் தேடி அண்ணன் வீட்டுக்குப் போகிறான். வந்தவர்கள் இவனையே நீதிபதி என்று நினைக்க, இவனும் அங்கியை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுகிறான்.

என் தொழில் புத்தி உடனே குறுக்கே வந்தது. நீதிபதி ஆள் மாறி உட்கார்ந்தால் முதலில் கண்டுபிடிப்பது அவருடைய மனைவியாக இருக்காது, பெஞ்ச் கிளார்க்காகத்தான் இருக்கும். ஒவ்வொரு நீதிபதியும் வாய்தாத் தேதிக்குக் கீழே போடுகிற சுருக்கொப்பம் எனக்கு அத்துப்படி. பேனாவை எந்தப் பக்கம் வைப்பார், பொய்ச் சாட்சி என்றால் எந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றுவார் என்பது வரை தெரியும். அதிலும் கொரியாவில் 17 வயதில் அடையாள அட்டை வாங்கும்போதே பத்து விரல் ரேகையையும் கொடுத்தாக வேண்டும். இரட்டையர் என்றாலும் ரேகை வேறுதான். அந்த அட்டையில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். 2020 அக்டோபருக்கு முன்னால் ஒரே நாளில் ஒரே அலுவலகத்தில் பதிந்த இரட்டையருக்குப் பெரும்பாலும் முதல் 11 இலக்கமும் ஒன்றாகவே இருக்கும், கடைசி இரண்டுதான் மாறும். ஒருவனை நீதிபதியாகவும் ஒருவனைக் கைதியாகவும் காட்ட அரசாங்கத்துக்கு அந்த இரண்டு இலக்கம் போதும்.

ஒன்று மட்டும் சரியாக எடுத்திருக்கிறார்கள் என்று பேத்தியிடம் சொன்னேன். அந்த நாட்டு நீதிபதிகள் மேசையில் சுத்தியல் தட்டுவதில்லை. இங்கேயும் கிடையாது. 'ஆர்டர், ஆர்டர்' என்று தட்டுவதெல்லாம் சினிமாவில்தான். முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு சுத்தியலைப் பார்த்தேன். அதுவும் தச்சர் பெஞ்சு ரிப்பேருக்குக் கொண்டுவந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காங்-ஹோவுக்குச் சட்டம் தெரியுமா? தெரியும். அண்ணன் பரீட்சைக்குப் படித்துக் கற்றான், இவன் கூண்டில் நின்று கற்றான். எந்தப் பிரிவுக்கு எத்தனை மாதம், எந்தப் பிரிவுக்கு ஜாமீன் கிடைக்காது என்பது உடம்பில் பட்டுத் தெரியும். கொரியாவில் ஒரு பழமொழி உண்டு: ஓடையில் டிராகன் பிறந்தது என்பார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை ஒரே ஒரு பரீட்சை எழுதி நீதிபதியானால் அப்படிச் சொல்வார்கள். அந்தப் பழைய தேர்வு 2017உடன் முடிந்துபோனது. இப்போது சட்டப்பள்ளி வழியாகத்தான் வர வேண்டும். நாடகத்தில் பயிற்சிக்கு வருகிற சோங் சோ-உன் என்ற பெண் அந்தக் கடைசிக் காலத்துப் பிள்ளை. சூ-ஹோ ஓடையில் பிறந்த டிராகன். ஆனால் அதே ஓடையில், அதே மணி நேரத்தில், அதே வயிற்றில் பிறந்த இன்னொருவனைப் பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. அவன் முதல்முறை உள்ளே போனதற்கு அண்ணன் சொன்ன சாட்சியே ஒரு காரணம் என்பது போகப்போகத் தெரியும்.

அவன் முன்னால் வருகிற வழக்குகளில் ஒன்று பணக்கார வீட்டு வாரிசின் வழக்கு. இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கொரியக் குற்றவியல் சட்டம் 62ஆம் பிரிவு. மூன்று வருடம் அல்லது அதற்குக் குறைவான தண்டனை என்றால் அதை நிறுத்தி வைக்கலாம். அதிகபட்சம் ஐந்து வருடம் நிறுத்தலாம். அதற்குள் வேறு தப்பு செய்யாவிட்டால் உள்ளே போகவே வேண்டாம். அங்கே பெரிய நிறுவன முதலாளிகளுக்கு விழுந்த தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2007இல் மேல்முறையீட்டில் ஹூண்டாய் தலைவர் சுங் மோங்-கூவுக்கு மூன்று வருடம், ஐந்து வருடம் நிறுத்திவைப்பு. 2009இல் சாம்சங் தலைவர் லீ குன்-ஹீக்கும் அதே மூன்று, அதே ஐந்து. அந்த வருடம் முடிவதற்குள் அவருக்கு மன்னிப்பும் கொடுத்தார்கள். ஒலிம்பிக்கை நாட்டுக்குக் கொண்டுவர அவர் வேண்டும் என்றார்கள். அந்தக் குளிர்கால ஒலிம்பிக் இந்த நாடகம் வந்த அதே 2018இல்தான் பியோங்சாங்கில் நடந்தது. 'மூன்று-ஐந்து விதி' என்று அந்த ஊர்க்காரர்களே கேலி பேசுகிறார்கள். விலைப்பட்டியல் போட்ட மாதிரி.

ஹூண்டாய்க்காரருக்கு 2007இல் இன்னொன்றும் விதித்தார்கள். சட்டத்தை மதித்து நடப்பது பற்றி அவர் சொற்பொழிவு ஆற்ற வேண்டும், பத்திரிகையில் எழுத வேண்டும் என்று உத்தரவு. மறு வருடம் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தள்ளிவிட்டது. சொற்பொழிவு தண்டனைதான், ஆனால் ஆற்றுகிறவருக்கா கேட்கிறவர்களுக்கா என்பதில் குழப்பம் வந்திருக்கும்.

இந்தக் கோபம் அங்கே பழையது. 1988 அக்டோபரில், சியோல் ஒலிம்பிக் முடிந்த கையோடு, சிறை மாற்றும்போது தப்பித்த கைதிகளில் சிலர் ஒரு வீட்டில் குடும்பத்தைப் பிணையாகப் பிடித்தார்கள். ஜி காங்-ஹொன் என்பவர் தொலைக்காட்சிக் கேமரா பார்க்கக் கத்தினார்: காசிருந்தால் குற்றமில்லை, காசில்லாவிட்டால் குற்றம். கொரிய மொழியில் எட்டே அசை. இன்றைக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் செய்தது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. திருட்டுக்கு வந்த தனக்கு 17 வருடம், கோடிகளைச் சுருட்டிய முன்னாள் ஜனாதிபதியின் தம்பிக்கு ஏழு வருடமா என்பதுதான் அவர் கேட்ட கணக்கு.

அதனால் ஒரு பழைய கைதி நாற்காலியில் உட்கார்ந்து பணக்காரனைப் பார்க்கும்போது ஜனங்களுக்குக் கை தட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அன்று இரவு படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. சோ-உன்னின் அக்காவுக்குக் கொடுமை இழைக்கப்பட்டு நீதி கிடைக்காமல் போன வீடு அது. அப்படி ஒரு பெண் கூண்டேறி, எல்லார் முன்னாலும் எல்லாவற்றையும் சொல்லி, ஒரு தீர்ப்பு வாங்குகிறாள் என்று வையுங்கள். பிறகு, தீர்ப்பு சொன்னவர் நீதிபதியே இல்லை என்று தெரிகிறது. கொரியாவிலும் நீதிமன்றம் சட்டப்படி அமையவில்லை என்றால் அது மேல்முறையீட்டுக்குப் போதுமான காரணம். மறுபடி விசாரணை. மறுபடி அதே கேள்வி, அதே கூண்டு. தண்ணீர்த் தம்ளரைப் பிடிக்கக் கை நடுங்கிய சாட்சிகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் முறை வரும்போது தம்ளரையே கேட்கமாட்டார்கள். காங்-ஹோ எவ்வளவு நல்ல மனசோடு தீர்ப்பு எழுதினாலும், அவன் பொய்க்கு வட்டி கட்டப்போவது அந்தப் பெண்தான். நாடகம் இந்த இடத்தை இன்னும் தைரியமாகத் தொட்டிருக்கலாம். பின்பாதியில் காதலிலும் துரத்தலிலும் நேரத்தை விட்டுவிட்டார்கள்.

முடிவை நான் சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பீர்கள். ஆனால் பேத்தி ஒன்று கேட்டாள்: "தாத்தா, மாட்டிக்கிட்டா காங்-ஹோவுக்கு என்ன கிடைக்கும்?"

அரசு ஊழியராக ஆள்மாறாட்டம் செய்து அதிகாரம் செலுத்தினால், அந்த நாட்டுச் சட்டத்தில் 118ஆம் பிரிவு. மூன்று வருடம் வரை சிறை, இல்லையென்றால் 70 லட்சம் வொன் வரை அபராதம். மூன்று வருடம்தானே, அப்படியானால் 62ஆம் பிரிவுப்படி நிறுத்தி வைக்கலாமே தாத்தா என்றாள். கெட்டிக்காரி. வைக்க முடியாது. சிறைத் தண்டனை முடித்து வெளியே வந்து மூன்று வருடத்துக்குள் செய்த குற்றத்துக்கு அந்தச் சலுகை கிடையாது என்று அதே பிரிவிலேயே ஒரு வரி இருக்கிறது. போதாததற்கு 35ஆம் பிரிவு. மூன்று வருடத்துக்குள் திரும்பவும் சிறைக்குரிய குற்றம் செய்தவனுக்கு உச்ச தண்டனை இரண்டு மடங்கு வரை போகலாம். மூன்று ஆறாகிறது.

பேத்தி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்போ இதே வேலையை அண்ணன்காரன் செஞ்சிருந்தா?" என்றாள்.

"அவன் பேரில் முந்தின தண்டனை எதுவும் கிடையாதே," என்றேன். "மூன்று வருடமே போட்டாலும் வீட்டிலிருந்து சாப்பிடலாம்."