முக்கோணத்தைத் தலைகீழாகப் பிடித்தால்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு வட்டம், சதுரம், செவ்வகம், முக்கோணம் ஆகிய அடிப்படை வடிவங்களை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது பற்றிப் பேச மதுரை வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். சுவரில் சார்ட்டை மாட்டி, குச்சியால் சுட்டிக்காட்டி, பெயரைச் சொல்ல வைத்தால் வேலை முடிந்தது என்று பலரும் எண்ணுகிறோம். சிக்கல் தொடங்குவதே அந்தச் சார்ட்டில்தான்.

கடைகளில் கிடைக்கும் எந்தச் சார்ட்டை எடுத்தாலும், அதிலுள்ள முக்கோணம் மூன்று பக்கமும் சமமாக, அடிப்பக்கம் தரையில் படிந்து, கூர்முனை மேல்நோக்கியே இருக்கும். அந்த ஒரே படத்தை ஓராண்டு முழுவதும் பார்க்கும் குழந்தை, அந்தப் படத்தையும் அது அமர்ந்திருக்கும் விதத்தையும் சேர்த்தே முக்கோணம் என்று மனத்தில் பதித்துக்கொள்கிறது. அதே முக்கோணத்தைத் தலைகீழாகப் பிடித்தால், "கவுந்து போச்சு டீச்சர்" என்கிறது. ஒல்லியாக நீண்ட ஒன்றைக் காட்டினால் ஊசி என்கிறது. ஆனால், முனைகள் மழுங்கி வளைந்த ஒன்றைத் தயக்கமின்றி முக்கோணம் என்று ஏற்றுக்கொள்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த கணித ஆசிரியர்களான பியர் வான் ஹீலே, டினா வான் ஹீலே இணையர் 1957ஆம் ஆண்டு தம் ஆய்வேடுகளில் இதை விளக்கினார்கள். முதல் நிலையில் குழந்தை வடிவத்தின் மொத்தத் தோற்றத்தை மட்டுமே பார்க்கிறது. பக்கம், மூலை என்று பிரித்துப் பார்ப்பது அடுத்த நிலை. அந்த நிலைக்கு ஏறுவது வயதைவிடக் கற்பிக்கும் முறையையே பெரிதும் பொறுத்தது என்பது அவர்கள் கருத்து. ஆகவே, வளர்ந்தால் தானாகத் தெரிந்துகொள்ளும் என்று நாம் காத்திருக்க முடியாது.

இதற்கு வேண்டிய கருவி நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கோலமாவை எடுத்து, 3 புள்ளி 3 வரிசை என்று நேர்ப்புள்ளி வையுங்கள். நான்கு மூலைப் புள்ளிகளையும் இணைத்தால் சதுரம் வரும். அதைக் குழந்தை உடனே சொல்லிவிடும். இப்போது ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் இணையுங்கள். பர்பித் துண்டைப் போலச் சாய்ந்து நிற்கும் அதைக் குழந்தை மட்டுமா, நம்மில் பலரும் டைமண்ட் என்றே சொல்வோம். குழந்தையை எழுப்பி, கோலத்தின் மூலைப் பக்கமாக வந்து நின்று பார்க்கச் சொல்லுங்கள். சாய்ந்திருந்தது நேராகி, சதுரமாகத் தெரியும். கோலம் அசையவில்லை, நின்ற இடம்தான் மாறியது என்பதைக் குழந்தை தன் காலாலேயே அறிந்துகொள்கிறது.

அதே ஒன்பது புள்ளிகளில் ஏதேனும் மூன்றை இணைத்து முக்கோணம் போடச் சொல்லலாம். திருப்பினாலும் புரட்டினாலும் ஒன்றாகிவிடுபவற்றைத் தள்ளிவிட்டால், 8 வகை முக்கோணங்கள் கிடைக்கும். குட்டையானது, ஒல்லியானது, ஒரு பக்கம் சரிந்தது எல்லாம் அவற்றில் உண்டு. ஒரே வரிசையிலுள்ள மூன்று புள்ளிகளைக் குழந்தை இணைத்துவிட்டால், அதைத் தடுக்க வேண்டாம். வெறும் கோடுதான் வந்திருக்கிறது என்று அதுவே கண்டுபிடிக்கட்டும். எது முக்கோணம் ஆகாது என்று தெரிவதும் பாடத்தின் பாதி. ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அமையும் ஊடுபுள்ளியில், நடுவில் 3, மேலே 2, கீழே 2 என்று வைத்து, வெளிப்புள்ளிகள் ஆறையும் சுற்றி இணைத்து, நடுப்புள்ளியிலிருந்து அவற்றுக்குக் கோடு இழுத்தால், மூன்று நிமிர்ந்தும் மூன்று கவிழ்ந்துமாக ஆறு முக்கோணங்கள் வருவதைக் காணலாம். கவிழ்ந்ததும் முக்கோணமே என்று வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கண்ணோடு கையும் வேலை செய்ய வேண்டும். 1939ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, போர்க்காலத்தில் சில ஆண்டுகள் நம் கொடைக்கானலிலேயே தங்கியிருந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார், மரத்தில் செய்த வடிவங்களின் விளிம்பை இரு விரல்களால் தடவி, பிறகு அவற்றுக்குரிய பள்ளத்தில் பொருத்தும் பயிற்சியை வகுத்திருந்தார். விலை கொடுத்து வாங்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, துணிப்பைக்குள் போட்டு, பார்க்காமல் தடவிச் சொல்லச் செய்யலாம். அவர் கடைப்பிடித்த வரிசை முக்கியமானது: முதலில் "இது சதுரம்" என்று நாம் சொல்வது, அடுத்து "சதுரத்தை எடு" என்பது, கடைசியில்தான் "இது என்ன?" என்று கேட்பது. நாமோ விருந்தினர் வந்த உடனே மூன்றாவது கேள்விக்குத் தாவிவிடுகிறோம்.

பந்தைக் காட்டி வட்டம் என்று சொல்லித் தருவதையும் விட்டுவிட வேண்டும். பந்து கோளம். டம்ளரின் வாயை அரிசி மாவில் அழுத்தி எடுத்தால் பதிந்திருப்பதுதான் வட்டம். தீப்பெட்டியை மூன்று விதமாக வைத்து ஓரம் வரைந்தால், அளவில் வேறுபட்ட மூன்று செவ்வகங்கள் கிடைக்கும்.

மதுரைக்காரர்களுக்கு ஊர்ப்பெருமை அதிகம்; சதுரத்துக்கு வண்டியூர்த் தெப்பக்குளத்தையும் மாசி வீதிகளையும் காட்டலாமே என்பார்கள். கரையில் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தண்ணீரும் மைய மண்டபமும் தெரியுமே தவிர, சதுரம் தெரியாது. அது வானிலிருந்து பார்ப்பவர்களுக்கானது. வேண்டுமானால், 165 அடி நீளமும் 120 அடி அகலமும் கொண்ட பொற்றாமரைக் குளத்தைக் கையைப் பிடித்துச் சுற்றி வாருங்கள். நான்கு முறை திரும்பினால் புறப்பட்ட இடம் வந்துவிடுகிறது. நெடும்பக்கம் இரண்டு, குறும்பக்கம் இரண்டு. நடந்து அறிந்த செவ்வகம் அது.

இன்னொன்று. சதுரத்தைக் காட்டும்போது குழந்தை செவ்வகம் என்று சொன்னால், தவறு என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். எல்லாப் பக்கமும் சமமாக அமைந்த செவ்வகமே சதுரம்; மேல் வகுப்பில் அதைத்தான் படிக்கப் போகிறது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேளுங்கள். நான்கு மூலையும் ஒரே மாதிரி நேராக இருக்கிறது என்று அது பதில் சொன்னால், அந்தக் குழந்தை சார்ட்டைத் தாண்டிப் போய்விட்டது.

நன்றி, வணக்கம்.