நாலு பேர்ல மூணு பேர் வந்தா அது ரீயூனியனா?

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கறவங்க முன்னாடி வந்து உக்காருங்க, இடம் இருக்கு. ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ்ங்கற அமெரிக்க ராக் பேண்ட் பத்தி பேசப்போறேன்னு சொன்னதும் அந்த ஓரத்துல ஒருத்தர் சிரிச்சாரு, அவர் பக்கத்துல இருந்தவர் மூஞ்ச சுளிச்சாரு, ரெண்டையும் பாத்தேன். இந்த பேண்டுக்கு எப்பவுமே இப்படித்தான், நடுவுல நிக்கற ஆள் ரொம்ப கம்மி.

2018ல இவங்க ரீயூனியன் டூர் அறிவிச்சாங்க. பாடி கிடார் வாசிக்கற பில்லி கோர்கன், கிடாரிஸ்ட் ஜேம்ஸ் ஈஹா, டிரம்மர் ஜிம்மி சேம்பர்லின்னு மூணு பேர். நாலாவது ஆள் டார்சி ரெட்ஸ்கி, பேஸ் கிடார் வாசிச்சவங்க, லிஸ்ட்ல இல்ல. அன்னிக்கு ஆரம்பிச்ச சண்டை இன்னும் முழுசா ஓயல. ஒரு கோஷ்டி டார்சி இல்லாம இது ரீயூனியனே கிடையாதுங்குது. இன்னொரு கோஷ்டி, அட போங்கப்பா, ஆல்பத்துல பேஸ் வாசிச்சதே கோர்கன் தான, இப்ப யார் வாசிச்சா என்னங்குது. ரெண்டு பேரும் ஒரே பேண்ட பத்தி பேசல, அதான் என் கட்சி. டேப்ல, அதாவது ரெக்கார்டிங்ல, ஒரு பேண்ட் இருந்துச்சு, மேடைல வேற ஒரு பேண்ட் இருந்துச்சு, ஃபேன்ஸ்ல பாதி பேரு அதுக்கு ரசிகர், பாதி பேரு இதுக்கு ரசிகர். அதத்தான் கொஞ்சம் விளக்கமா சொல்லணும்னு வந்திருக்கேன்.

முதல்ல இவங்க எப்படி சேந்தாங்கன்னு பாப்போம். 1988, சிகாகோ. கோர்கன் ஒரு ரெக்கார்ட் கடைல வேலை பாக்கறாரு, அந்த நேரத்துல ஈஹா பழக்கமாகறாரு, ரெண்டு பேரும் ஒரு டிரம் மெஷின வச்சுக்கிட்டு பாட்டு பண்றாங்க. டார்சிய எங்க சந்திச்சாரு தெரியுமா, டான் ரீட் நெட்வொர்க்னு ஒரு பேண்டோட ஷோ முடிஞ்சு வெளிய வந்த இடத்துல, அந்த பேண்ட் நல்லாருக்கா இல்லையான்னு ரெண்டு பேருக்கும் வாக்குவாதம்! அதாவது ஃபேன் சண்டைலதான் இந்த பேண்டே பொறந்துச்சு, அப்புறம் அவங்க ஃபேன்ஸ் மட்டும் சும்மா இருப்பாங்களா. மெட்ரோன்னு ஒரு கிளப் இருக்கு சிகாகோல, அத நடத்துற ஜோ ஷனஹன், டிரம் மெஷின்லாம் வேண்டாம், ஆள் வச்சு வாசிக்கறதா இருந்தா மேடை தரேன்னு சொல்லிட்டாரு. அப்படி வந்தவர்தான் சேம்பர்லின். ஜாஸ் பின்னணி உள்ள ஆளு, இவங்க கேட்டு வளந்த சத்தத்துக்கும் அவருக்கும் பெருசா சம்பந்தம் கிடையாது. 1988 அக்டோபர் 5ல மெட்ரோல நாலு பேரும் ஒண்ணா வாசிச்சாங்க. அந்த டிரம்ஸ் வந்தப்பறம்தான் இந்த பேண்டுக்கு வெயிட்டே வந்துச்சுங்கறது என் கருத்து, கோர்கன் கூட இத மறுக்க மாட்டாருன்னு நினைக்கிறேன்.

1991 மே மாசம் முதல் ஆல்பம் கிஷ். புரொட்யூசர் புட்ச் விக், ஸ்டூடியோ விஸ்கான்சின்ல மேடிசன். அதே புட்ச் விக் அதுக்கப்பறம் நிர்வானாங்கற பேண்டோட நெவர்மைண்ட் ஆல்பம் பண்ணாரு, அது செப்டம்பர்ல வந்து உலகத்தையே பொரட்டிப் போட்டுச்சு. உடனே எல்லாருக்கும் கிரஞ்ச்னு, அதாவது சியாட்டில்லேந்து வந்த அந்த முரட்டு கிடார் ராக்னு, ஒரு முத்திரை குத்தினாங்க, சிகாகோகாரங்களான இவங்களுக்கும் சேத்து. ஆனா சியாட்டில் பசங்களோட வேதம் பங்க், ஆடம்பரம் கூடாது, பெரிய ஸ்டாரா ஆகணும்னு ஆசைப்படறது அசிங்கம், அந்த மாதிரி. கோர்கனுக்கு குயின், பாஸ்டன், சீப் ட்ரிக் மாதிரி பிரம்மாண்டமான ராக் பேண்டுங்க பிடிக்கும், கிடார் மேல கிடார் அடுக்கி கோபுரம் கட்டணும். ஜெயிக்கணும்னு வெளிப்படையா சொன்ன ஆளு. அந்த காலத்துல அது பெரிய குத்தம். ஸ்டீவ் அல்பினி, நிர்வானாவோட இன் யூட்டரோவ ரெக்கார்ட் பண்ணவர், சிகாகோகாரர்தான், அவரு சிகாகோ ரீடர் பத்திரிகைக்கு லெட்டர் எழுதி இவங்கள ஆர்இஓ ஸ்பீட்வேகன்ங்கற ஜனரஞ்சக ராக் பேண்டோட ஒப்பிட்டு திட்டினாரு. அண்டர்கிரவுண்ட் ஆளுங்ககிட்ட அதவிட கேவலமான வசவு இருந்திருக்க முடியாது. போதாததுக்கு அந்த மூக்கால பாடற குரல் வேற. சிலருக்கு அந்த குரல் கேட்டாலே ஆகாது, அவங்கள நான் தப்பு சொல்ல மாட்டேன்.

இப்ப நம்ம வழக்கோட முக்கியமான சாட்சிக்கு வரேன். 1993, சயாமீஸ் டிரீம். ஜார்ஜியால மேரியட்டாங்கற ஊர்ல ரெக்கார்டிங். சிகாகோ விட்டு அவ்வளவு தூரம் போனதுக்கு ஒரு காரணம் சேம்பர்லினோட போதைப் பழக்கம், சப்ளை பண்ற ஆளுங்ககிட்டேந்து அவர பிரிக்கணும்னு. அந்த ஆல்பத்துல பெரும்பாலான கிடாரும் பேஸும் கோர்கனே வாசிச்சது. ஈஹாவுக்கும் டார்சிக்கும் ஸ்டூடியோல வேலையே பெருசா இல்ல. இது ரகசியமும் இல்ல, அப்பவே வெளிய தெரிஞ்சு எல்லாரும் எழுதினாங்க, சர்வாதிகாரின்னு கோர்கனுக்கு பேரு வந்ததே இதுலேந்துதான். ரெண்டாவது கோஷ்டி இத கைல வச்சுக்கிட்டுதான் வாதாடுது, பாத்தீங்களா டார்சி வாசிக்கவே இல்ல, கேஸ் முடிஞ்சதுன்னு.

கேஸ் முடியல. ஏன்னா அந்த ஆல்பத்த வாங்கினவங்க யாரும் கோர்கனோட தனி ஆல்பம்னு வாங்கல. போஸ்டர்ல நாலு மூஞ்சி இருந்துச்சு. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர் ஒருத்தரு, ஒரு பொண்ணு, ஒரு ஜாஸ் டிரம்மர், நடுவுல உயரமா இவரு, அந்த காலத்து ராக் மேகசின் எதப் புரட்டினாலும் இந்த மாதிரி ஒரு கூட்டத்த பாக்கறது அபூர்வம். டார்சி பக்கத்துல பேஸ தூக்கிக்கிட்டு அலட்டிக்காம நிப்பாங்க, அத பாத்து பேஸ் கிடார் வாங்கின பொண்ணுங்க எத்தன பேரு. அவங்ககிட்ட போயி, அம்மா நீ ஆசைப்பட்ட ஆளு டேப்ல இல்லன்னா, அவங்க என்ன பண்ணுவாங்க. அவங்க பாத்தது பொய்யா? மேடைல வாசிச்சது அவங்கதானே, வருஷக்கணக்கா வேன்லயும் பஸ்லயும் சுத்தினது அவங்கதானே. நாடகக் கம்பெனில கதை எழுதினவர் ஒருத்தராவே இருந்தாலும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் யாருன்னு பாத்துதான ஜனங்க டிக்கெட் வாங்குவாங்க.

இன்னொண்ணு, 1995ல மெலன் காலி ஆல்பம் பண்ணும்போது புரொட்யூசர் ஃப்ளட், ஒருத்தரே எல்லாத்தையும் வாசிக்கற வேல இனிமே நடக்காதுன்னு நாலு பேரையும் ஒரே ரூம்ல ஒண்ணா வாசிக்க வச்சாரு. டபுள் ஆல்பம், 28 பாட்டு, அமெரிக்கால நேரா நம்பர் 1. அதுல ஈஹா எழுதின பாட்டே ஒண்ணு இருக்கு. இந்த வரலாற ரெண்டாவது கோஷ்டி சவுகரியமா மறந்துடும்.

அதுக்கப்பறம் நடந்ததெல்லாம் சோகம், வேகமா சொல்லிடறேன். 1996 ஜூலைல நியூயார்க் ஹோட்டல்ல, டூர்ல கீபோர்ட் வாசிச்ச ஜொனதன் மெல்வாய்ன் ஹெராயின் ஓவர்டோஸ்ல இறந்துட்டாரு, கூட இருந்த சேம்பர்லின் பொழச்சாரு, பேண்ட விட்டு தூக்கிட்டாங்க. 1998ல அடோர், அவர் இல்லாம, பாதி டிரம் மெஷின். அது எனக்கு ரொம்ப பிடிச்ச ஆல்பம், இங்க எத்தன பேரு அடிக்க வருவீங்கன்னு தெரியும், பரவால்ல. சேம்பர்லின் திரும்பி வந்தாரு, 1999ல டார்சி போயிட்டாங்க. 2000 மே மாசம் ஒரு ரேடியோ பேட்டில கோர்கன் பேண்ட கலைக்கறோம்னு சொல்லிட்டாரு. டிசம்பர் 2, அதே மெட்ரோ கிளப், நாலு மணி நேரத்துக்கு மேல வாசிச்சு முடிச்சாங்க. கடைசியா பண்ண ரெண்டாவது மஷினா ஆல்பத்த வெறும் 25 காப்பி இசைத்தட்டா அடிச்சு வேண்டியவங்க கைல குடுத்து, இன்டர்நெட்ல ஃப்ரீயா பரப்பிக்கங்கன்னாரு. 2000ல! அந்த தைரியத்த நான் இன்னும் மெச்சிக்கறேன்.

சரி, ரீயூனியன். உண்மைல 2018 ரெண்டாவது ரவுண்டு. முதல் ரவுண்டு 2005 ஜூன் 21. கோர்கனோட தனி ஆல்பம் ரிலீஸ் ஆன அதே நாள்ல, சிகாகோ ட்ரிப்யூன்லயும் சன் டைம்ஸ்லயும் முழுப் பக்க விளம்பரம் குடுத்தாரு, என் பேண்ட் எனக்கு திரும்ப வேணும், என் பாட்டுங்க வேணும், என் கனவு வேணும்னு. தன்னோட ஆல்பம் கடைக்கு வந்த அன்னிக்கே அத தானே அமுக்கின ஆள் வேற யாராவது இருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம். ஈஹாவும் வரல, டார்சியும் வரல. 2007ல சேம்பர்லின மட்டும் வச்சுக்கிட்டு சைட்கைஸ்ட் வந்துச்சு, பாதி பேண்ட்தான், ஆனா பேரு அதே பேரு. அந்த ஆல்பத்த ஒவ்வொரு பெரிய கடைக்கும் ஒவ்வொரு போனஸ் பாட்டு வச்சு தனித்தனி எடிஷனா வித்தாங்க, எல்லாம் வேணும்னா எல்லாத்தையும் வாங்கணும். ஏழு வருஷம் முன்னாடி ஆல்பத்த ஃப்ரீயா குடுத்த அதே ஆளு! ஃபேன்ஸ் கொதிச்சதுல தப்பே இல்ல. 2008ல 20வது வருஷ டூர், பழைய பாட்ட வாசிக்க மாட்டேங்கறாரேன்னு ஆடியன்ஸ் கத்த, இவரு மேடைலேந்தே பதில் குடுக்க, கடைசில 2009ல சேம்பர்லினும் கெளம்பிட்டாரு. அவர் இடத்துக்கு ஓப்பன் ஆடிஷன் வச்சு 19 வயசு பையன எடுத்தாங்க.

என்ன தம்பி? ஆமா, மைக் பைர்ன், அந்த பையன்தான். நல்லா வாசிச்சாரு, அத சொல்லணும்.

அப்பறம் 2015ல சேம்பர்லின் மறுபடி வந்தாரு, 2016 மார்ச்ல லாஸ் ஏஞ்சலஸ் ஷோல ஈஹா மேடை ஏறினாரு, 16 வருஷம் கழிச்சு, அதுவும் அவரோட பொறந்தநாள் அன்னிக்கு. அங்க அழுதவங்க உண்டு. இதுக்கப்பறம் எல்லாரும் எதிர்பாத்தது ஒரே ஒரு ஆளத்தான்.

2018 ஆரம்பத்துல டார்சி பேச ஆரம்பிச்சாங்க. எனக்கு ஆஃபர் வந்துச்சு, அப்பறம் வேற பேஸ் பிளேயரோட போறோம்னுட்டாங்கன்னு சொன்னாங்க, மெசேஜ் எல்லாம் வெளிய வந்துச்சு. பேண்ட் தரப்புல, பல தடவ கூப்ட்டோம், நேர்ல ஒரு தடவ பாக்கலாம்னு கூட கேட்டோம், ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டது அவங்கதான்னு அறிக்கை விட்டாங்க. யார் சொல்றது நிஜம்னு தீர்ப்பு சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது, நாம அந்த ரூம்ல இல்ல. ஆனா ஃபேன்ஸ் ஒரே ராத்திரில ஜட்ஜ் ஆயிட்டாங்க. பாதிப் பேரு அந்தம்மா இருபது வருஷமா மேடையே ஏறல, மூணு மணி நேர ஷோ தாங்குவாங்களான்னு பேசினாங்க, அது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா அதே அளவுகோல யாரும் மத்த மூணு பேருக்கு வைக்கல. சேம்பர்லின எத்தன தடவ மன்னிச்சு சேத்துக்கிட்டாங்கன்னு எண்ணிப் பாருங்க.

என்னோட புகார் டார்சிய சேத்துக்கல்லங்கறது இல்ல. பிடிக்காதவங்களோட வேல பாக்கணும்னு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த டூர வித்த விதம்தான் புகார். சயாமீஸ் டிரீம் அட்டைல ரெண்டு குட்டிப் பொண்ணுங்க கட்டிப்புடிச்சுட்டு சிரிப்பாங்கல்ல, அந்த ரெண்டு பேரும் வளந்து பெரியவங்களானப்பறம் அவங்கள தேடிப்புடிச்சு டூர் வீடியோல நடிக்க வச்சாங்க. அட்டைப்படத்துல போஸ் குடுத்தவங்களுக்கு அழைப்பு உண்டு, பேஸ் வாசிச்சவங்களுக்கு இல்லன்னா எப்படிங்க? 1991லேந்து 2000 வரைக்கும் உள்ள பாட்டுதான் வாசிப்போம்னாங்க, அதாவது நாலு பேர் காலம். நாலு பேரோட ஞாபகத்த காட்டி டிக்கெட் வித்துட்டு, கேள்வி கேட்டா டேப்ல வாசிச்சது நான்தானேன்னா, அது மேடை பேண்ட விளம்பரத்துக்கு வச்சுக்கிட்டு டேப் பேண்ட டெலிவரி பண்ற வேல. ரீயூனியன்ங்கற பேச்சே இல்லாம, பழைய பாட்டெல்லாம் வாசிக்கறோம் வாங்கன்னு மட்டும் சொல்லியிருந்தா பாதி சண்ட வந்திருக்காது.

ஷோ எப்படின்னா, அபாரம். பாத்த எதிரிங்க கூட ஒத்துக்கிட்டாங்க. மூணு மணி நேரத்துக்கு மேல, முப்பது பாட்டுக்கு மேல, மூணு கிடார், சேம்பர்லின் ஐம்பத்தி நாலு வயசுல அந்த பழைய டிரம் ரோல எல்லாம் அதே வேகத்துல அடிக்கறாரு. பேஸ் வாசிச்சது ஜாக் பேட்ஸ், ஜாய் டிவிஷன் பேண்ட்ல பேஸ் வாசிச்ச பீட்டர் ஹுக்கோட பையன், கொறையே சொல்ல முடியாது. நடுவுல லெட் செப்பலினோட ஸ்டேர்வே டு ஹெவன் முழுசா வாசிச்சாங்க, அத எதுக்கு வாசிச்சாங்கன்னு இரண்டு கோஷ்டிக்கும் புரியல, அந்த ஒரு விஷயத்துலதான் ஒத்துமை.

கொஞ்சம் வெளிய தள்ளி நின்னும் பாக்கணும். அதே காலத்து பேண்ட் ஆலிஸ் இன் செய்ன்ஸோட பாடகர் லெய்ன் ஸ்டேலி 2002ல இறந்துட்டாரு, அந்த பேண்ட் வேற பாடகர வச்சு ஓடுது, ஃபேன்ஸ் மொதல்ல முணுமுணுத்து அப்பறம் ஏத்துக்கிட்டாங்க. ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸ் 2008ல சேந்தாங்க, 2013ல பாடகர் ஸ்காட் வெய்லண்ட வெளிய அனுப்பினாங்க, 2015ல அவர் இறந்துட்டாரு. சவுண்ட்கார்டன் 2010ல நல்லபடியா சேந்து, 2017ல பாடகர் கிறிஸ் கார்னெல் இறந்ததோட முடிஞ்சது. அந்தக் கூட்டத்துல பம்ப்கின்ஸ்ல நாலு பேரும் உசிரோட இருந்தாங்க. அதனாலதான் இந்த ஃபேன்ஸோட கோவம் மத்த பேண்ட் ஃபேன்ஸோட கோவம் மாதிரி இல்ல. அவங்களுக்கு விதிய திட்ட முடிஞ்சது, இவங்களுக்கு மனுஷங்கள திட்ட வேண்டியிருக்கு.

இதுல இன்னொரு வேடிக்கை. 2023ல ஜெஃப் ஷ்ரோடர் விலகினாரு. 2007லேந்து, அதாவது டார்சி இருந்ததவிட அதிக வருஷம் பேண்ட்ல இருந்த கிடாரிஸ்ட், எந்த ஃபேனும் அவர் இல்லாம இது பேண்டான்னு போர்க்கொடி தூக்கல. கிடாரிஸ்ட் வேணும்னு பொதுவா விளம்பரம் குடுத்தாங்க, பத்தாயிரம் பேருக்கு மேல அப்ளை பண்ணாங்க, 2024ல கிகி வாங் வந்தாங்க. பதினாறு வருஷம் நின்னு வாசிச்சவரு போனா வருத்தத்தோட ஒரு டாட்டா, இருபது வருஷம் முன்னாடி போனவங்களுக்கு இன்னும் கோர்ட் கேஸ். டேப்லயும் மேடைலயும் ஷ்ரோடருக்கு நிஜமாவே பங்கு இருந்துச்சு, ஆனா பதினாறு வயசுல நம்ம சுவத்துல ஒட்டின போஸ்டர்ல அவர் இல்ல, அவ்வளவுதான் அவர் செஞ்ச தப்பு.

மணி ஆயிடுச்சு, மைக்க குடுக்கச் சொல்றாங்க. கேள்வி இருக்கறவங்க கைய தூக்குங்க, அடோர் பத்தி சண்ட போடறவங்க மட்டும் வெளிய டீ கடைக்கு வாங்க.