அட்ரீனலின் வாசலில் நிற்க, உள்ளே ஓடுவது யார்?

நேயர்களுக்கு வணக்கம். பயந்தால் நெஞ்சு படபடக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அட்ரீனலின் செய்யும் வேலை இது என்று பள்ளியிலேயே படித்திருப்போம். ஆனால் அட்ரீனலின் செல்லுக்குள் போகாமலேயே இதைச் செய்கிறது. வெளிச்சவ்வில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியைத் தொடுவதோடு சரி. அப்படியானால் உள்ளே இருக்கும் நொதிகளுக்குச் சேதி சொல்வது யார்?

1950களில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஏர்ல் சதர்லேண்டும் அவருடைய குழுவினரும் இதற்கு விடை தேடினார்கள். கல்லீரலை அரைத்து அட்ரீனலின் சேர்த்தால், சேமித்து வைத்த சர்க்கரையான கிளைக்கோஜனை உடைக்கும் நொதி சுறுசுறுப்பானது. அரைத்ததைச் சுழற்றிச் சவ்வுத் துணுக்குகளை நீக்கிவிட்டால் எந்தப் பலனும் இல்லை. பிறகு அந்தத் துணுக்குகளைத் தனியே எடுத்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியும் அட்ரீனலினும் சேர்த்தார்கள். அதில் உண்டானதைக் கொதிக்க வைத்து, தெளிந்த நீரை மட்டும் மீதிச் சாற்றில் ஊற்றினார்கள். நொதி விழித்துக்கொண்டது! புரதமாக இருந்திருந்தால் கொதித்ததில் கெட்டிருக்கும். இது வேறு ஏதோ ஒரு சின்னப் பொருள். அதுதான் சைக்ளிக் ஏஎம்பி. சதர்லேண்டுக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு எளிய கருவிகளோடு இவ்வளவு தெளிவாகச் செய்த சோதனைகள் அபூர்வம் என்பது என் எண்ணம்.

சைக்ளிக் ஏஎம்பி ஒரு நியூக்ளியோடைடு, அதாவது ஆர்என்ஏவின் கட்டுமானத் துண்டுகளின் இனத்தைச் சேர்ந்தது. ஏடிபியின் மூன்று பாஸ்பேட்டுகளில் இரண்டு கழன்றுபோக, மிஞ்சிய ஒன்று வளைந்து அதே மூலக்கூறின் சர்க்கரையை இரண்டு இடங்களில் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒரு வளையம் உருவாகிறது. அந்த வளையத்தை வெட்டிவிட பாஸ்போடையெஸ்டரேஸ் என்ற நொதி எப்போதும் தயாராக இருக்கிறது. வெட்டியதும் வெறும் ஏஎம்பிதான். சேதி அங்கேயே முடிந்தது.

இந்த வெட்டுதலை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை. காலராவைப் பாருங்கள். அந்தக் கிருமியின் நஞ்சு, குடல் செல்லில் சைக்ளிக் ஏஎம்பி உற்பத்தியை முடுக்கும் புரதத்தை அணையவிடாமல் பூட்டிவிடுகிறது. வெட்ட வெட்ட உற்பத்தி மிஞ்சுகிறது. குளோரைடு வெளியே கொட்டுகிறது, தண்ணீர் அதன் பின்னாலேயே போகிறது. சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

அதே மூலக்கூறு கல்லீரலில் சர்க்கரையை விடுவிக்கிறது, இதயத் துடிப்பை வேகமாக்குகிறது, சிறுநீரகத்தில் தண்ணீரைச் சேமிக்க வைக்கிறது. பெரும்பாலும் புரதக் கைனேஸ் ஏ என்ற நொதியை அவிழ்த்துவிடுவதுதான் அதன் வேலை. அந்த நொதி எந்தப் புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டும் என்பது செல்லுக்குச் செல் மாறும். ஈ.கோலை பாக்டீரியாவில் கதையே வேறு. குளுக்கோஸ் தீர்ந்ததும் அங்கே சைக்ளிக் ஏஎம்பி கூடி, லாக்டோஸ் முதலான வேறு சர்க்கரைகளைத் தின்னும் மரபணுக்களை இயக்க உதவுகிறது.

சரி, ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். சைக்ளிக் ஏஎம்பி வெள்ளைத் தூள். ஆனால் எதிர்மின்னூட்டம் இருப்பதால் செல் சவ்வைச் சுலபமாகத் தாண்டாது. வளர்ப்புச் செல்கள் மேல் ஊற்றினால் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும். அதனால் டைபியூட்டிரைல் சைக்ளிக் ஏஎம்பி, 8-புரோமோ சைக்ளிக் ஏஎம்பி போன்ற மாற்று வடிவங்களைப் பயன்படுத்துகிறார்கள். இவை உள்ளே போகும், சீக்கிரம் வெட்டுப்படவும் செய்யாது. இளம் ஆய்வாளர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டைபியூட்டிரைல் வடிவம் செல்லுக்குள் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத் துண்டை உதிர்க்கிறது. பியூட்டிரேட் தானாகவே மரபணு இயக்கத்தை மாற்றக்கூடியது. ஆகவே பக்கத்திலேயே சோடியம் பியூட்டிரேட் மட்டும் போட்ட ஒரு தட்டும் இருக்கட்டும். அதிலும் அதே மாற்றம் தெரிந்தால், அதைச் சைக்ளிக் ஏஎம்பியின் கணக்கில் எழுத முடியாது. அப்புறம், சைக்ளிக் ஏஎம்பி தயாரிக்கும் நொதியைத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளைக் கொடுத்துச் செல்லையே தன் சைக்ளிக் ஏஎம்பியைத் தயாரிக்க வைத்தும் பாருங்கள். இரண்டு வழியிலும் ஒரே பலன் கிடைத்தால் முடிவை நம்பலாம்.

நன்றி, வணக்கம்.