ஒரு நட்சத்திரக் குறியில் போன தானே புயல் படங்கள்

(திரையில்: கருப்பு டெர்மினல், துடிக்கும் கர்சர்)

வணக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. வேரோடு சாய்ந்த பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் படமெடுத்து வைத்திருந்தேன். இன்று அவற்றில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. வைரஸ் வரவில்லை, ஹார்ட் டிஸ்க்கும் பழுதாகவில்லை. என் கையாலேயே அழித்துவிட்டேன்.

நான் நீக்க நினைத்தது படங்களை அல்ல, அவற்றைச் சுட்டும் இணைப்பை மட்டுமே. சிம்லிங்க் என்பார்கள். 1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தோடு வந்தது; உள்ளே இருப்பது வெறும் முகவரி. பழங்கதை இவ்வளவு போதும்.

(திரையில்: தென்னிந்திய வரைபடம்)

கோப்புறையைச் சுட்டும் சிம்லிங்கைப் புரிந்துகொள்ளப் புதுச்சேரிக்காரர்களுக்கு வேறு உதாரணமே வேண்டாம். மாஹே எங்கே இருக்கிறது? கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவே. நிர்வாகம் யாருடையது? நம்முடையது. ஆகவே 'கேரளம்' கோப்புறைக்குள் மாஹே நிஜமாக இருக்கட்டும். 'புதுச்சேரி' கோப்புறைக்குள் 'மாஹே' என்றொரு சிம்லிங்க் இருக்கட்டும்.

புதுச்சேரியில் நின்று 'சிடி மாஹே' என்கிறோம். 'சிடி' என்பது ஒரு கோப்புறைக்குள் போகச் சொல்லும் கட்டளை. உள்ளே வந்துவிட்டோம். இப்போது 'சிடி', இரண்டு புள்ளி. ஒரு படி மேலே போ என்று பொருள். எங்கே போவோம்? புதுச்சேரிக்கு! நாம் தட்டும் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் நிரலான ஷெல், வந்த வழியை நினைவில் வைத்திருக்கிறது. சரி, மறுபடி மாஹேவுக்குள் வாருங்கள். அதே இரண்டு புள்ளியை, கோப்புறையில் இருப்பவற்றைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளைக்குக் கொடுங்கள். கேரளத்தின் பட்டியல் வந்து நிற்கும்! எல்எஸ் கேட்பது இயங்குதளத்தின் மையமான கெர்னலை. கெர்னலுக்குத் தெரிந்தது நிஜமான மேல்கோப்புறை மட்டும். நிற்கும் இடம் ஒன்று, கேள்வி ஒன்று, பதில் இரண்டு. இதை முதன்முதலில் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. உங்களில் யாருக்காவது இது முன்பே தெரியுமா? கீழே எழுதுங்கள்.

இனி என் படங்கள். 'ஆர்எம்' என்பது அழிக்கும் கட்டளை. 'ஆர்எம் மாஹே' என்றால் சிம்லிங்க் மட்டும் போகும், ஊர் பத்திரம். நானோ பெயருக்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் போட்டேன். ஷெல் உள்ளே புகுந்து ஒவ்வொரு கோப்பின் பெயரையும் திரட்டி ஆர்எம் கையில் கொடுத்தது. நடுவில் சிம்லிங்க் இருப்பதே ஆர்எம்முக்குத் தெரியவில்லை.

என் கருத்தைச் சொல்கிறேன். பார்க்கும் கட்டளைகள் சிம்லிங்கைத் தாண்டிப் போகலாம். அழிக்கும் கட்டளைகள் போகவே கூடாது. அப்படி ஒரு பாதை வந்தால் ஷெல்லாவது நிறுத்திக் கேட்க வேண்டும். லினக்ஸில் கோப்புறையை உள்ளிருப்பதோடு நகலெடுக்கும் 'சிபி மைனஸ் ஆர்' கட்டளை, சிம்லிங்கை சிம்லிங்காகவே நகலெடுக்கிறது. அது சரியான முடிவு.

எதையும் அழிக்கும் முன் 'எல்எஸ் மைனஸ் எல்டி' கொடுத்து, பின்னால் சாய்கோடு இல்லாமல் பெயரை மட்டும் எழுதுங்கள். வரியின் முதல் எழுத்து 'டி' என்றால் நிஜக் கோப்புறை, 'எல்' என்றால் சிம்லிங்க்.