வடம் புடிச்ச கையும் கணக்குல வரணும் (பட்டிமன்றத்துல மக்கள் அணிக்காக பேசினது)

நடுவர் அம்மா அவர்களுக்கும், எதிர்ல உக்காந்திருக்கற மூணு பேருக்கும், மழையையும் பாக்காம வந்திருக்கற உங்க எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்கு தெரியும், இன்னைக்கு உருவாகற கலையில பெரும்பங்கு கலைஞனுக்கா இல்ல கூட சேர்ற மக்களுக்கா. நான் மக்களுக்குன்னு பேச வந்திருக்கேன். 18 வருஷமா ஓவிய டீச்சரா இருக்கேன், அதனால கலைஞன கொறச்சு பேச எனக்கு வாயே வராது, ஆனா என் கண்ணால பாத்தத சொல்லாம போகவும் முடியாது.

எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டு கைத்தட்டல் வாங்கிட்டு போனாரு. ஊர் கூடி தேர் இழுக்கலாம், ஆனா அந்த தேர செஞ்சது ஆசாரிதானே, வடம் புடிச்சவன எல்லாம் சிற்பின்னு சொல்லுவீங்களான்னு கேட்டாரு. நல்ல கேள்வி. நிலையில நிக்கற தேரு ஆசாரியோட வேலைதான், நான் ஒத்துக்கறேன். ஆனா அண்ணே, இழுக்கறது மட்டுமே கலையா இருந்து, தேருன்னு ஒண்ணு இல்லவே இல்லன்னா அப்ப யாருக்கு குடுப்பீங்க? 2002 ஏப்ரல்ல பெரு நாட்டுல, லிமா நகரத்துக்கு வெளிய ஒரு பெரிய மணல்மேடு, அங்க 500 பேரு ஆளுக்கு ஒரு மண்வெட்டியோட வரிசையா நின்னு, ஒரு பக்கத்துலேருந்து ஏறி மறுபக்கம் எறங்கற வரைக்கும் மண்ண தள்ளிக்கிட்டே போனாங்க. கடைசியில அந்த மேடு நகந்தது ஏதோ நாலு விரக்கடைதான், 10 சென்டிமீட்டர்னு சொல்றாங்க. பெல்ஜியத்துல பொறந்து மெக்சிகோவுல வாழற ஃப்ரான்சிஸ் ஆலிஸ்ங்கற கலைஞர் யோசிச்சது அது. யோசனை அவரோடது, சரி. ஆனா அந்த 500 பேரும் அன்னைக்கு காலையில வராம போயிருந்தா அவர்கிட்ட என்ன இருந்திருக்கும்? ஒரு மணல்மேடு இருந்திருக்கும், அது அவரு பொறக்கறதுக்கு முன்னாடியே அங்கதான் இருந்துச்சு.

அடுத்து வந்த தோழி நியூயார்க் கதைய சொன்னாங்க. மக்கள்கிட்ட விட்டா கலைய ஒழிச்சு கட்டிருவாங்க, ரிச்சர்ட் செர்ராங்கற சிற்பியோட இரும்பு சுவத்த பாருங்கன்னு. தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். 1981ல ஃபெடரல் ப்ளாசாங்கற இடத்துல, அரசு ஆபீசுங்களுக்கு முன்னாடி இருக்கற முத்தத்துல, 120 அடி நீளம் 12 அடி உயரத்துல சாஞ்சு நிக்கற மாதிரி ஒரு இரும்பு தகடு வச்சாங்க, டில்டட் ஆர்க்னு பேரு. அங்க வேலை பாத்தவங்க ஆயிரம் பேருக்கு மேல எடுங்கன்னு மனு குடுத்தாங்க, கடைசியா 1989 மார்ச்ல ராத்திரியோட ராத்திரியா வெட்டி எடுத்துட்டு போயிட்டாங்க. தோழி இதோட நிறுத்திட்டாங்க. நடுவுல நடந்தது ஒண்ணு இருக்கு. 1985 மார்ச்ல பொது விசாரணை வச்சாங்க, 180 பேரு வந்து பேசுனாங்க, அதுல 122 பேரு இருக்கட்டும்னு சொன்னாங்க, 58 பேருதான் எடுக்கணும்னு சொன்னது. அந்த 122ல நெறைய பேரு கலைஞர்கள்னு தோழி சொல்லலாம், உண்மைதான். ஆனா எடுக்கணும்னு முடிவு பண்ணது யாரு தெரியுமா, 5 பேர் கொண்ட ஒரு குழு, நாலுக்கு ஒண்ணுன்னு. வச்சதும் மேல இருந்தவங்க, எடுத்ததும் மேல இருந்தவங்க. தெனமும் அந்த எடத்த தாண்டி டிஃபன் பாக்ஸோட வேலைக்கு போனவன்கிட்ட, வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ "இங்க என்னப்பா வேணும்"னு யாராவது உக்காந்து பேசியிருந்தா இது இப்படி முடிஞ்சிருக்குமா? அங்க மக்கள் பங்கெடுக்கவே இல்லயே, அப்பறம் எப்படி மக்கள் பங்கெடுத்ததால கெட்டுச்சுன்னு சொல்லுவீங்க?

நியூயார்க் வரைக்கும் போவானேன், நான் பாத்ததையே சொல்றேன். ஊர் பேரு வேணாம். ஒரு தெரு, தண்ணி தொட்டிக்கு பக்கத்துல நீளமா ஒரு சுவரு. வெளியூர்லேருந்து ஒரு குழு வந்து நாலே நாள்ல பெருசா ஒரு பொண்ணு மொகம் வரைஞ்சிட்டு போட்டோ எடுத்துட்டு போயிட்டாங்க. நல்லா வரைஞ்சிருந்தாங்க, அதுல ஒண்ணும் கொறை சொல்ல மாட்டேன், கண்ணு ரெண்டும் அவ்வளவு உயிரா இருந்துச்சு. மூணு மாசம் கழிச்சு போறேன், மூக்கு வரைக்கும் வறட்டி தட்டி வச்சிருக்காங்க. பாத்தவங்க எல்லாம் என்ன ஜனங்க இவங்க, ரசனையே இல்லன்னு திட்டுனாங்க. எனக்கும் மொதல்ல கோவம்தான் வந்துச்சு, வறட்டி தட்டிக்கிட்டிருந்த ஒரு அக்காகிட்ட போயி கேட்டேன். அவங்க கைய தொடச்சுக்கிட்டே சொன்னாங்க, "டீச்சர், இந்த தெருவுல காலையிலேருந்து வெயில் விழற சுவரு இது ஒண்ணுதான். எங்க மாமியார் காலத்துலேருந்து இதுலதான் தட்டறோம். அவங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா பின்னாடி இருக்கற சுவத்த காட்டியிருப்பேன்ல."

அந்த பின் சுவத்துக்குத்தான் நாங்க போனோம். பசங்க 14 பேரு, நானு. என்ன வரையணும்னு தெருவுல கேட்டோம், ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, சாமி படம், நடிகர் படம் எல்லாம் வந்துச்சு, ரெண்டு நாள் சண்டையே நடந்துச்சு, கடைசியில ரோடு அகலப்படுத்தறப்ப வெட்டுன புளியமரத்துல வந்து நின்னாங்க. நான் காலேஜ்ல படிச்சவளாச்சே, அழகா ரெண்டு பக்கமும் கிளை பரப்பி ஒரு மரத்த சாக்பீஸ்ல போட்டேன். ஒரு ஆயா வந்து இடுப்புல கை வச்சு பாத்துட்டு, "இது எந்த ஊரு மரம்? நம்ம மரத்துக்கு இந்த பக்கம் கிளையே கெடையாது, கம்பியில படுதுன்னு ஈபிக்காரன் வருஷா வருஷம் வெட்டிட்டு போவான், ஒரு பக்கமா மொட்டையாத்தான் நிக்கும்"னு சொன்னாங்க. அழிச்சேன். அப்பறம் ஆளாளுக்கு வந்துட்டாங்க, அடியில கல்லு ஒண்ணு கெடக்கும் அதுல பால்காரர் சைக்கிள சாத்துவாரு, இங்க ஆணி அடிச்சு தகர போர்டு தொங்கும், வேரு ரோட்டுக்குள்ள வந்து தார தூக்கியிருக்கும்னு. நான் படிச்ச படிப்புப்படி பாத்தா அந்த படத்துல பேலன்ஸே இல்ல, எல்லா கனமும் ஒரு பக்கமா கெடக்கு. ஆனா அதுதான் அந்த மரம். நான் தனியா உக்காந்து நூறு தடவ வரைஞ்சாலும் அந்த மொட்டை பக்கம் என் கைக்கு வந்திருக்காது, நடுவர் அவர்களே. கிளைய வரையறது ஓவியம்னா, கிளை இல்லாத எடத்த தெரிஞ்சு வச்சிருக்கறது என்ன? அதுவும் ஓவியம்தான்னு நான் அன்னைக்கு கத்துக்கிட்டேன்.

இத ரொம்ப பெருசா, ரொம்ப ஆழமா செஞ்சவரு ஒருத்தர் யாழ்ப்பாணத்துல இருக்காரு, ஓவியர் தா. சனாதனன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல பேராசிரியர். போருல வீடு வாசல இழந்து இடம்பெயர்ந்த வடக்கு மக்கள், தமிழரும் இருக்காங்க, முஸ்லிம்களும் இருக்காங்க, அவங்க 80 பேருகிட்ட இவரு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், நீங்க விட்டுட்டு வந்த வீட்ட ஞாபகத்துலேருந்து வரைஞ்சு குடுங்கன்னு. ஓவியம் படிச்சவங்க இல்ல, அவங்க கைக்கு வந்த மாதிரி கோடு போட்டு குடுத்தாங்க. அத கட்டடக்கலை தெரிஞ்சவங்க அளவோட ஒரு ப்ளானா திருப்பி வரைஞ்சாங்க, அந்த வீட்டுக்காரங்க சொன்ன கதைய வச்சு சனாதனன் பாஸ்டல்ங்கற வண்ணக்கட்டியால ஒரு படம் வரைஞ்சாரு. 2011ல அது புத்தகமா வந்துச்சு, முற்றுப்பெறாத தோம்புன்னு அர்த்தம் வர்ற பேரு. தோம்புன்னா போர்ச்சுகீசியர் டச்சுக்காரர் காலத்துலேருந்து நெலம் யாருதுன்னு எழுதி வைக்கற பதிவேடு. அரசாங்கத்துக்கிட்ட ஒரு தோம்பு இருக்கும், ஆனா வீடே இடிஞ்சு, பத்திரமும் தொலைஞ்சு போனவனோட தோம்பு எங்க இருக்கு? அவன் தலைக்குள்ளதான் இருக்கு. அத அவன் கையாலயே வெளிய எடுத்து வச்சதுதான் அந்த வேலை.

இத படிச்சப்ப நானும் ஒரு பேப்பர எடுத்து என் பொறந்த வீட்ட போட்டு பாத்தேன். இத கேக்கற நீங்களும் இன்னைக்கு ராத்திரி போட்டு பாருங்க. வாசல்லேருந்து ஆரம்பிப்பேன்னு நெனச்சேன், கை அடுப்படியிலதான் போயி நின்னுச்சு. அடுப்படி பெருசா வந்துச்சு, நடுவீடு சின்னதா போயிடுச்சு, கெணத்தடிக்கு எடமே இல்லாம பேப்பர் ஓரத்துல மடிச்சு போட்டேன். அளவு எல்லாம் தப்பு. ஆனா அந்த தப்புலதான் நான் இருக்கேன், அம்மா இருக்காங்க. அப்ப 80 பேரு, 1990 அக்டோபர்ல வடக்குலேருந்து வெளியேத்தப்பட்ட முஸ்லிம்கள் உட்பட, திரும்பி போக முடியாத வீட்ட போடறப்ப அந்த கோடு எப்படி இருந்திருக்கும்? அத சனாதனன் வரைய முடியாது. அவரு வரையவும் முயற்சி பண்ணல, அந்த 80 பேரு கோட்ட எடுத்துட்டு தன்னோட படத்த மட்டும் வைக்கல, அவங்க கோடு, ப்ளான், தன்னோட படம்னு மூணையும் அடுத்தடுத்து வச்சாரு. என்ன பொறுத்த வரைக்கும் ஒரு கலைஞனோட பெருந்தன்மையே அங்கதான் இருக்கு.

எதிரணியில மூணாவதா பேசப் போறவரு தரம்னு ஒண்ணு இருக்குல்லன்னு கேப்பாரு, எனக்கு தெரியும், சாப்பிடும்போதே சொல்லிட்டாரு. பல பேரு கை பட்டா அரைகுறையாத்தான் வரும்னு. அவருக்கு ஒரு போர்வைய காட்டறேன். அமெரிக்காவுல எய்ட்ஸ்ல கொத்து கொத்தா ஆளுங்க செத்துக்கிட்டிருந்த காலம், பொணத்த வாங்கவே மாட்டேன்னு சொன்ன அடக்க நிலையங்கள் இருந்துச்சு, பிள்ளை செத்தத வெளிய சொல்ல வெக்கப்பட்ட குடும்பங்க இருந்துச்சு. 1985 நவம்பர்ல சான்பிரான்சிஸ்கோவுல ஒரு மெழுகுவர்த்தி ஊர்வலத்துல, செத்தவங்க பேர அட்டையில எழுதி அரசு கட்டடத்து சுவத்துல ஒட்டுனாங்க. கிளீவ் ஜோன்ஸ்னு ஒருத்தர் தள்ளி நின்னு பாத்தாரு, அது பழைய துணிய ஒட்டு போட்டு தைச்ச போர்வை மாதிரி தெரிஞ்சுது. அப்படி ஆரம்பிச்சதுதான் செத்தவங்க நினைவுக்காக துணி துணியா தைச்சு சேர்த்த அந்த போர்வை. முக்கியமான விதி ஒண்ணுதான், ஒவ்வொரு துணியும் 3 அடிக்கு 6 அடி, ஒரு ஆள பொதைக்கற குழி அளவு. மத்தது எல்லாம் தைக்கறவங்க இஷ்டம். அம்மா தைச்சாங்க, காதலன் தைச்சான், கூட வேலை பாத்தவங்க தைச்சாங்க, செத்தவனோட சட்டைய வெட்டி வச்சாங்க, ஜீன்ஸ், கரடி பொம்மை, கடுதாசி எல்லாம் வச்சு தைச்சாங்க. 1987 அக்டோபர் 11ஆம் தேதி வாஷிங்டன்ல விரிச்சப்ப 1,920 துணி. இன்னைக்கு கிட்டத்தட்ட 50,000, எடை மட்டும் 54 டன்.

அதுல பல துணியில தையல் கோணல்தான் ஐயா. வாழ்க்கையில ஊசியே புடிக்காதவன் தைச்சா கோணலாத்தான் வரும். அத ஒரு நல்ல டெய்லர வச்சு நேரா தைச்சிருந்தா தரம் கூடியிருக்குமா? அந்த கோணல பாத்தாலே இவன் இதுக்கு முன்னாடி தைச்சதில்ல, இவனுக்காக கத்துக்கிட்டு தைச்சிருக்கான்னு தெரியுதே, அத விட ஒரு கலைக்கு வேற என்ன தரம் வேணும்?

ஒரு விஷயத்துல மட்டும் எதிரணி சொன்னத நான் முழுசா ஏத்துக்கறேன். மக்கள் வேலை செய்யறாங்க, பேரு கலைஞனுக்கு போகுதுன்னு சொன்னாங்க. நடக்குது, அது வலிக்குது. ஆனா அது மக்கள் பங்கு கம்மின்னு காட்டல, அவங்க பங்க எழுதாம விட்டுட்டோம்னுதான் காட்டுது. 2003ல ஆண்டனி கோர்ம்லிங்கற இங்கிலாந்து சிற்பி சீனாவுல குவாங்டாங் பக்கம் ஒரு கிராமத்துல சுமார் 350 பேர வச்சு, 5 நாள்ல, கையளவு களிமண் உருவம் சுமார் 2 லட்சம் செஞ்சாரு. கையில அடங்கணும், நிக்கணும், ரெண்டு கண்ணு இருக்கணும், அவ்வளவுதான் சொன்னது. வேலையோட பேருக்கு பக்கத்துல அவர் பேருதான் இருக்கு. ஆனா செஞ்சவங்க மொகத்தையும், அவங்கவங்க செஞ்ச உருவம் ஒண்ணையும் பக்கத்துல பக்கத்துல போட்டோவா எடுத்து வச்சிருக்காங்க. மொகத்தையும் களிமண்ணையும் மாத்தி மாத்தி பாத்தா, ஒருத்தர் செஞ்சத இன்னொருத்தர் செஞ்சிருக்க முடியாதுன்னு புரியும்.

கலைஞன் இல்லாம மக்களால என்ன செய்ய முடியும்னு அண்ணன் கடைசியா கேட்டாரு. ஜெர்மனியில காசல் நகரத்துல ஜோசப் பாய்ஸ்ங்கற கலைஞர் 1982ல ஒரு வேலைய ஆரம்பிச்சாரு, ஊரு முழுக்க 7,000 மரம் நடறது, ஒவ்வொரு மரத்துக்கும் பக்கத்துல ஒரு கருங்கல் தூண். 7,000 கல்லையும் கொண்டாந்து மியூசியத்து வாசல்ல மலையா கொட்டிட்டாரு. ஒரு மரம் நட்டாத்தான் ஒரு கல்லு நகரும். ஊரு சீக்கிரம் நடலன்னா அந்த குவியல் அங்கயே கெடந்து எல்லார் கண்ணையும் உறுத்தும். 1986 ஜனவரியில பாய்ஸ் எறந்துட்டாரு. அப்பவும் வாசல்ல கல்லு மிச்சம் இருந்துச்சு. காசு குடுத்தவங்க குடுத்தாங்க, குழி வெட்டுனவங்க வெட்டுனாங்க, தெருவுல எந்த எடம்னு சொன்னவங்க சொன்னாங்க, 1987ல கடைசி மரத்த அவரோட பையன் நட்டாரு. வாசல் காலியாச்சு. மரம் இன்னைக்கும் அங்க வளந்துக்கிட்டுதான் இருக்கு.

நடுவர் அம்மா, தீர்ப்பு எப்படி வேணா சொல்லுங்க, நான் ஏத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், எங்க அணிய பத்தி சொல்றப்ப மக்கள் கலைஞனுக்கு "உதவி பண்ணாங்க"ங்கற வார்த்தைய மட்டும் போட்டுடாதீங்க. அந்த ஆயா எனக்கு உதவி பண்ணல, அவங்க மரத்த அவங்க வரைஞ்சாங்க, என் கை அங்க சாக்பீஸ் புடிச்சிருந்துச்சு.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.