ஒரு பிள்ளையின் பேச்சு மாறும்போது யாரிடம் சொல்வது?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தில் அப்ரென்டிஸாக, அதாவது வேலை பார்த்துக்கொண்டே தொழில் கற்பவராகச் சேரும் ஒரு பிள்ளை வாரத்தின் பெரும்பகுதியை வேலையிடத்தில்தான் கழிக்கிறது. பயிற்சி நிலையத்துக்கு வருவது பெரும்பாலும் ஒரு நாள். சில படிப்புகளில் அந்த ஒரு நாளும் கணினித் திரை வழியாகவே நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் தினமும் முகம் பார்த்த ஆசிரியர் இங்கே இல்லை. வகுப்பெடுக்கும் டியூட்டர், வேலையிடத்துக்கு வந்து மதிப்பிடும் அசெசர், முதலாளி, வீட்டார் என்று நாலு பக்கமும் ஆட்கள் இருந்தும், ஆளுக்கொரு துண்டுதான் தெரியும். டியூட்டருக்குத் தெரிவது பிள்ளை கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது. முதலாளிக்குத் தெரிவது உடன் வேலை செய்பவரோடு போட்ட சண்டை. தாய்க்குத் தெரிவது விடியும்வரை அணையாத ஃபோன். இந்தத் துண்டுகள் ஒரே மேசைக்கு வந்து சேர வழி இருக்கிறதா என்பதில்தான் பயிற்சி நிலையத்தின் பாதுகாப்பு வேலை முழுவதும் தங்கியிருக்கிறது. தீவிரவாதப் பாதைக்கு இழுக்கப்படும் பிள்ளையைத் தடுத்து நிறுத்துவதும் அந்த வேலையில் ஒரு பகுதிதான்.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015ஆம் ஆண்டின் பயங்கரவாத எதிர்ப்பு மற்றும் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஆட்கள் பயங்கரவாதத்துக்குள் இழுக்கப்படுவதைத் தடுப்பதில் உரிய கவனம் செலுத்தும் கடமையை அரசு நிதி பெறும் பயிற்சி நிலையங்களுக்கு விதிக்கிறது. 'பிரிவென்ட்' கடமை என்று சொல்வது இதைத்தான். இதற்கான வழிகாட்டி ஆவணம் 2023இல் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. பயிற்சி நிலையம் தன் இடத்தில் உள்ள அபாயங்களை எழுத்தில் மதிப்பிட வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், கவலைக்குரிய பிள்ளையை உரிய இடத்துக்குப் பரிந்துரைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இது ஒரு மதத்தாரை மட்டும் குறிவைப்பது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அந்த அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன். மோசமாகச் செய்யப்பட்ட பரிந்துரைகள் குடும்பங்களைக் காயப்படுத்தியிருக்கின்றன. ஆனால் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். 2025 மார்ச்சுடன் முடிந்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 8,778 பிரிவென்ட் பரிந்துரைகள் வந்தன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் எந்தத் தீவிரவாதக் கொள்கையும் அடையாளம் காணப்படவில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தீவிர வலதுசாரிப் போக்கு. இஸ்லாமியத் தீவிரவாதம் சார்ந்தவை பத்தில் ஒன்று. பயிற்சி நிலைய ஊழியர்கள் நேரில் சந்திப்பது பெரும்பாலும் கொள்கையில் ஊறிய ஆளை அல்ல. தனிமையில் கிடந்து, கோபத்தோடு, கூட்டுக்கொலைக் காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பதினாறு வயதுப் பிள்ளையைத்தான்.

நம் சமூகத்துக்குரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18இல் விளக்கேற்றும் பிள்ளையும், ஈழத்தில் நடந்ததற்கு நீதி கேட்கும் பிள்ளையும் தன் துயரத்தையும் அரசியலையும் பேசுகிறார்கள். அது பரிந்துரைக்குரிய விஷயம் இல்லை. அதை விளங்கிக்கொள்ளாத டியூட்டர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே நேரம், விடுதலைப் புலிகள் இயக்கம் 2001 முதல் இந்த நாட்டில் தடைசெய்யப்பட்ட அமைப்பு. தடைசெய்யப்பட்ட அமைப்புக்கு ஆதரவு திரட்டுவது 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தில் குற்றம். அதன் சின்னத்தை, ஆதரவாளர் என்ற சந்தேகம் எழும் விதத்தில் பொது இடத்தில் காட்டுவதும் குற்றம். இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை பிள்ளைகளுக்கு நாம்தான் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சரி, எதைக் கவனிப்பது? உடுப்பு, தாடி, தொழுகை இவற்றை வைத்து எடை போடுகிறவர் தவறான பிள்ளையைப் பிடிப்பார், உண்மையில் ஆபத்தில் இருக்கும் பிள்ளையைத் தவறவிடுவார். கவனிக்க வேண்டியது மாற்றத்தை. பழைய நண்பர்களை ஒரேயடியாக வெட்டிவிடுவது, ஒரு கூட்டத்து மக்களை மனிதராகவே மதிக்காத பேச்சு, தான் எழுதாத வசனத்தை ஒப்பிப்பது போன்ற தொனி, வன்முறைக்கு நியாயம் சொல்வது, ஃபோனில் யாரோடு பேசுகிறது என்பதைத் திடீரென்று மறைப்பது. இதில் ஒன்று மட்டும் இருந்தால் எதையும் நிரூபிக்காது. இதே அறிகுறிகள் வீட்டுக்குள் நடக்கும் கொடுமைக்கும், போதைப்பொருள் கும்பலிடம் சிக்கியதற்கும், மனச்சோர்வுக்கும் உண்டு. அதனால்தான் காரணத்தை ஊழியர் கண்டுபிடிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கண்டதைச் சொன்னால் போதும்.

சொல்வது என்றால் எழுதித் தருவது. பெரும்பாலான இடங்களில் காரியம் கெடுவது இங்கேதான். "மாணவர் தீவிரவாதி மாதிரிப் பேசினார்" என்று ஒரு குறிப்பு வருகிறது. அதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. பயன்படும் குறிப்பு இப்படி இருக்கும்: 'செவ்வாய்க்கிழமை, காலை 11.20, மின்வேலைப் பட்டறை. வயர் உரிக்கும் பயிற்சியின்போது மாணவர் சொன்னது, "அவங்களை எல்லாம் கொளுத்தினாத்தான் நாடு உருப்படும்." யாரை என்று கேட்டேன். "உங்களுக்கே தெரியும்" என்றார். பக்கத்தில் இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். சென்ற மாதம்வரை இவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.' சொன்ன சொல் சொன்னபடியே, நேரம், இடம், அருகிலிருந்தவர், ஊழியர் கொடுத்த பதில். கருத்து எழுதினால் அதைக் கருத்து என்று தனியே குறிக்க வேண்டும். அன்றைக்கே எழுதி, பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்க நிலையம் நியமித்திருக்கும் பாதுகாப்புப் பொறுப்பாளர் கையில் சேர்க்க வேண்டும். இரண்டு நாள் கழித்து எழுதினால் வாசகம் மாறிவிடும்.

பிள்ளை தானாக வந்து பேசினால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் பாதுகாப்புக்குத் தேவை என்றால் ஒருவரிடம் மட்டும் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம். பிள்ளையின் ஃபோனை வாங்கித் துழாவ வேண்டாம். திரையில் பயங்கரவாதப் பிரசுரம் எதையாவது கண்டால் தரவிறக்காதீர்கள், சக ஊழியருக்கு அனுப்பாதீர்கள். நல்ல நோக்கத்தோடு செய்தாலும், அப்படிப்பட்ட கோப்பை வைத்திருப்பதும் பரப்புவதும் உங்களையே சட்டச் சிக்கலில் மாட்டலாம். எந்தத் தளம், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு பொறுப்பாளரிடம் கொடுங்கள். யாருக்காவது உடனடி ஆபத்து என்றால் பொறுப்பாளரைத் தேடிக்கொண்டிருக்காமல் அவசர உதவி எண்ணான 999ஐ அழையுங்கள்.

பொறுப்பாளர் தன்னிடம் ஏற்கெனவே உள்ள மற்றக் குறிப்புகளோடு இதைச் சேர்த்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் உள்ளூராட்சி கவுன்சிலின் பிள்ளைகள் நலப் பிரிவுக்கோ, பிரிவென்ட் பரிந்துரைக்கோ எடுத்துச் செல்வார். அந்தப் பரிந்துரையை முதலில் பொலிஸ் பிரிவு ஒன்று பரிசீலிக்கிறது. பெரும்பான்மையானவை அங்கேயே வேறு சேவைகளுக்குத் திருப்பப்படுகின்றன அல்லது முடிக்கப்படுகின்றன. மீதியானவை கவுன்சில் தலைமை தாங்கும் 'சானல்' குழுவுக்குப் போகின்றன. வழிகாட்டி ஒருவர், மனநல உதவி, வீட்டு உதவி, படிப்புக்கு ஆதரவு என்று பிள்ளைக்கு ஏற்றது அங்கே தீர்மானிக்கப்படும். சானல் உதவியை ஏற்பது விருப்பத்துக்கு விட்டது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதம் கேட்பார்கள். பரிந்துரைக்கப்பட்டதால் குற்றப் பதிவு விழாது. இதைப் பெற்றோர் தெளிவாகத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பயத்தில் கதவை மூடிக்கொள்ளும் குடும்பங்கள் கிடைக்கக்கூடிய உதவியையும் இழந்துவிடுகின்றன.

நிலையங்களை நடத்துபவர்களுக்குச் சில வார்த்தைகள். பொறுப்பாளர் விடுப்பில் போனால் அவர் இடத்தில் யார்? மாலை வகுப்பு எட்டு மணிக்கு முடிகிறது, சுவரொட்டியில் இருப்பதோ ஐந்து மணிக்கு மூடும் அலுவலகத்தின் எண். இணைய வடிகட்டி நிலையத்தின் வைஃபையில் மட்டும் வேலை செய்கிறது. பிள்ளைகள் பார்ப்பதோ தங்கள் சொந்த டேட்டாவில். ஆகவே வடிகட்டியை மட்டும் நம்பியிருக்க முடியாது, வகுப்பில் வாய்விட்டுப் பேச வேண்டும். வெளியிலிருந்து பேச வருபவர் யார், முன்பு எங்கே என்ன பேசினார் என்று பார்ப்பதற்குச் சில நாட்களாவது வேண்டும், முதல்நாள் மாலை தேடினால் போதாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது முன்னேற்ற மீளாய்வு. 12 வாரத்துக்கு ஒருமுறையாவது பிள்ளை, முதலாளி, அசெசர் மூவரும் உட்காருகிறார்கள். "பாதுகாப்பாக உணர்கிறாயா?" என்று முதலாளியின் முன்னால் கேட்டால், எந்தப் பிள்ளையும் "ஆமாம்" என்றுதான் சொல்லும். படிவத்தில் சரி அடையாளம் விழும், அடுத்த மூன்று மாதத்துக்கு யாரும் கேட்கப் போவதில்லை. பத்து நிமிடம் பிள்ளையோடு தனியாகப் பேச ஒதுக்குங்கள். "வேலையில் யாரோடு சாப்பிடுகிறாய்? உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?" என்று கேளுங்கள். வேலையிடத்து இனவெறிக் கிண்டல் இந்தக் கேள்விகளில்தான் வெளியே வரும். அவமானப்பட்ட பிள்ளையைத் தேடிப் பிடிப்பதற்கென்றே இணையத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

பெற்றோரே, பிள்ளையைச் சேர்க்கும் நாளில் பாதுகாப்புப் பொறுப்பாளரின் பெயரையும், மாலையில் எடுக்கும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பற்றிய கவலையை நிலையத்திடம் சொல்லத் தயங்குபவர்கள், 'ஆக்ட் ஏர்லி' உதவி எண்ணை அழைக்கலாம்: 0800 011 3764. இது இலவசம். பேசுபவர்கள் இதற்கெனப் பயிற்சி பெற்ற பொலிஸ் அதிகாரிகள். எண்ணை மறுபடி சொல்கிறேன்: 0800 011 3764.

நன்றி, வணக்கம்.